ஓரத்தில் எழுதப்பட்ட பெயர்: ‘பொன்னியின் செல்வன்’ கற்பித்தலில் கதைமாந்தர் வரைபடம்

புதினம் ஒன்றைக் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர், கதைமாந்தரின் பெயர்களை வட்டங்களுக்குள் எழுதி, அவற்றுக்கிடையே கோடுகள் இழுத்து, கோட்டின்மேல் தந்தை, தங்கை, நண்பன், பகைவன் எனக் குறித்து மாணவர்க்குக் காட்டுவது தமிழ் வகுப்புகளிலும் பழக்கத்திற்கு வந்துவிட்ட ஒரு முறையாகும். தாயகத்திற்கு வெளியே இம்முறைக்குத் தேவை இன்னும் மிகுதி. வார இறுதியில் இரண்டு மணி நேரம் மட்டும் தமிழ் படிக்கும் மாணவர்க்கு நீண்ட பெயர்களே முதல் தடை. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், சம்புவரையர், மலையமான், பூதி விக்கிரமகேசரி என வரிசையாக வரும்போது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது விளங்குமுன்பே புத்தகம் மூடப்பட்டுவிடும். அத்தகைய மாணவர் கையில் வரைபடம் ஓர் ஊன்றுகோலாக அமைகிறது. அதன் பயனை மறுப்பதற்கு எவ்விதக் காரணமும் இல்லை.

ஆயினும், வரைபடம் எப்போது வரையப்படுகிறது, யாரால் வரையப்படுகிறது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. கதை முழுவதையும் படித்து முடித்த ஒருவர் வரைந்த படத்தைக் கதையை இன்னும் தொடங்காத மாணவரிடம் கொடுப்பதே நடைமுறையாக உள்ளது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பொறுத்தவரை இந்நடைமுறை கதையின் உயிர்நாடியையே அறுத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்புதினத்தை நடத்திச் செல்வன உண்மையான உறவுகள் மட்டுமல்ல. மாந்தர் உண்மையென்று நம்பியிருக்கும் பொய்யான உறவுகளும் அதனை நடத்துகின்றன. திருத்தமான வரைபடத்தில் அந்தப் பொய்க்கோடுகளுக்கு இடமில்லை. பொய்க்கோடுகள் இல்லாத இடத்தில் கதையும் இல்லை.

இந்நூலைத் தேர்ந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு பாகத் திரைப்படம் வெளிவந்தபின், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் புலம்பெயர் இளைஞர் பலருக்கும் வந்தியத்தேவனும் குந்தவையும் அறிமுகமாகிவிட்டனர். படத்தோடு, நடிகர் முகங்கள் ஒட்டப்பட்ட உறவுப் படங்களும் பரவின. எனவே மாணவர் வகுப்பறைக்குள் நுழையும்போதே ஒரு வரைபடத்தைத் தலைக்குள் சுமந்துகொண்டு வருகின்றனர். அந்த வரைபடத்தில் கந்தமாறனின் தங்கை மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன் இருந்தாலும் பொருட்படுத்தத்தக்கவன் அல்லன். ஆசிரியரின் பணி அந்தப் படத்தைப் பிடுங்கி எறிவதன்று. நாவலின் பக்கங்களைக் கொண்டு அதனை மாணவரே திருத்துமாறு செய்வதாகும்.

முறைப்பெயரும் அரியணையும்

வரைபடத்தின் முதற் பயன் முறைப்பெயர்களில் வெளிப்படுகிறது. பராந்தக சோழரின் மூத்த மகன் இராசாதித்தர் 949இல் தக்கோலப் போரில் மாண்டார். இளையவரான கண்டராதித்தர் அரியணை ஏறினார். அவருக்குப்பின் அவருடைய தம்பி அரிஞ்சயரும், பிறகு அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழரும் ஆண்டனர். கண்டராதித்தரின் மகன் மதுராந்தகன் தந்தை இறந்தபோது சிறு பிள்ளையாக இருந்தமையால் அரசு தம்பி மரபுக்குச் சென்றது. கதை தொடங்கும்போது அவன் வளர்ந்து நிற்கிறான். அரசு மூத்தவர் மரபுக்குத் திரும்ப வேண்டுமா, இப்போது ஆளும் மரபிலேயே தொடர வேண்டுமா என்பதே நாட்டைப் பிளக்கும் வழக்கு.

இவ்வழக்கை வீட்டில் பிறமொழி பேசும் மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. தந்தையின் தமையன், தந்தையின் தம்பி, தாயின் உடன்பிறந்தான் ஆகிய மூவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழிகளில் வளர்ந்த பிள்ளைக்கு, மூத்தவர் வழி, இளையவர் வழி என்னும் வேறுபாடு மொழியளவில் புலப்படாது. தமிழில் அவ்வேறுபாடு அழைக்கும் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. மதுராந்தகன் சுந்தர சோழருக்குப் பெரியப்பா மகன். ஆகவே குந்தவைக்கும் அருள்மொழிக்கும் சித்தப்பா முறை. செம்பியன் மாதேவி அவர்களுக்குப் பாட்டி முறை. ஏறத்தாழத் தங்கள் வயதொத்த ஒருவனைச் சித்தப்பா என்று அழைக்க வேண்டியிருக்கும் நிலையில், மரியாதையும் எரிச்சலும் இழையோடுவதை மாணவர் உணர வேண்டுமானால், கோட்டின்மேல் எழுதப்படுவது ‘உறவினர்’ என்னும் பொதுச்சொல்லாக இருத்தல் கூடாது. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளிலும் இரண்டு முறைப்பெயர்கள் எழுதப்பட வேண்டும்: இவர் அவரை எவ்வாறு அழைப்பார், அவர் இவரை எவ்வாறு அழைப்பார். இவ்வளவு செய்தாலே அரியணைச் சிக்கல் பாதி விளங்கிவிடும். தம் வீட்டுப் பெரியவர்களின் உறவை இதே போல் எழுதிவரச் சொல்லும் ஆசிரியர்களும் உளர். அது நல்ல பயிற்சி. எனினும் நாவலிலிருந்து வகுப்பை நெடுந்தூரம் இழுத்துச் சென்றுவிடும் அபாயமும் அதில் உண்டு.

பல்லக்கும் அதற்குள் இருந்தவரும்

முறைப்பெயர் வரைபடம் நிலையானது. கதை வரைபடம் அவ்வாறன்று. முதற் பாகமான ‘புது வெள்ள’த்தின் தொடக்க அத்தியாயங்களே இதற்குச் சான்று. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வரும் வந்தியத்தேவன், அன்று பெரிய பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு செல்லும் மூடுபல்லக்கைக் காண்கிறான். உள்ளே இருப்பவர் அவருடைய இளம் மனைவி என்றே அனைவரும் எண்ணுகின்றனர். அப்பெண் தன் தங்கை என்றும், அவளிடம் ஓலை ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றும் ஆழ்வார்க்கடியான் கேட்கிறான். அன்றிரவு கடம்பூர் மாளிகையில் நடக்கும் நடுநிசிக் கூட்டத்தில் அதே பல்லக்கிலிருந்து மதுராந்தகன் வெளிப்படுகிறான். எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பே பல்லக்கில் இருப்பவர் யார் என்னும் வினாவாக அமைந்துள்ளது.

கதையை அறிந்த ஆசிரியர் தரும் வரைபடத்தில் பல்லக்குக்கு இடமே இராது. மதுராந்தகனுக்கு ஒரு வட்டம், நந்தினிக்கு ஒரு வட்டம், பழுவேட்டரையரிடமிருந்து இருவருக்கும் இரண்டு கோடுகள், அவ்வளவே. மாறாக, ஐந்தாம் அத்தியாயம் வரை படித்த மாணவர் தாமே வரைந்தால், பல்லக்கை ஒரு வட்டமாக்கி அதற்குள் ‘இளைய ராணி’ என எழுதியிருப்பர். எட்டாம் அத்தியாயத்திற்குப் பின் அவ்வட்டத்தைத் திருத்த வேண்டியவராகின்றனர். திருத்தும்போது பழைய பெயரை அழிக்கலாகாது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. அதன்மேல் ஒற்றைக் கோடு அடித்து, அருகில் அத்தியாய எண்ணைக் குறிக்க வேண்டும். அவ்வாறு அடிக்கப்பட்ட பெயர், எல்லோரும் ஒரு நாள் முழுவதும் எதனை நம்பினர் என்பதற்குச் சான்றாகத் தாளிலேயே நின்றுவிடுகிறது. அழிப்பானைப் பயன்படுத்தும் வகுப்பில் இச்சான்று மறைகிறது. கணினித் திரையில் வரையும் வகுப்பில் இன்னும் விரைவாக மறைகிறது.

இங்கு வேறொரு நுட்பமும் புலனாகும். கோடு இருதிசைப்பட்டதன்று. வந்தியத்தேவனும் கந்தமாறனும் ஒன்றாகப் படைத்தொழில் செய்த நண்பர்கள். தஞ்சையில் கந்தமாறன் முதுகில் குத்துண்டு விழுகிறான். அவனைக் காப்பாற்றித் தூக்கிச் சென்றவன் வந்தியத்தேவன். ஆனால் குத்தியவன் வந்தியத்தேவனே என்று கந்தமாறன் நம்பிவிடுகிறான். அது முதல் ஒரு முனையில் நட்பு, மறு முனையில் வன்மம். இக்கோட்டின்மேல் ‘பகை’ என எழுதுவதும் தவறு, ‘நட்பு’ என எழுதுவதும் தவறு. இரண்டு அம்புக்குறிகள் வேண்டும். ஒவ்வொன்றின்மேலும் அது யாருடைய நம்பிக்கை என்பதும் குறிக்கப்பட வேண்டும். மணிமேகலைக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையிலுள்ள கோடும் இத்தகையதே. அவளிடமிருந்து புறப்படும் அம்பு கனமானது. அவனிடமிருந்து திரும்பி வருவது இரக்கமும் நன்றியுணர்வுமே. இறுதி அத்தியாயத்தில் அவளுடைய முடிவு ஏன் அத்துணை வலிக்கிறது என்பதற்கான விடை, அம்புகளின் இந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. திரைப்படத்தின் வழியே மட்டும் கதையை அறிந்த மாணவர் இதனை அறிய வாய்ப்பில்லை.

ஆழ்வார்க்கடியானின் நிலையோ இவர்களினும் வேடிக்கையானது. அவனுக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையே முதலில் ஐயம், பின் போட்டி, பின் ஒருவரையொருவர் நம்பாமலே சேர்ந்து நடத்தல், இறுதியில் தோழமை. முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் அவன் என்பது வெளிப்படும்போது முந்தைய சண்டைகள் எல்லாம் வேறு பொருள் கொள்கின்றன. ஒரே கோட்டின்மேல் நான்கு ஐந்து சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, அடிக்கப்பட்டும் அடிக்கப்படாமலும் நிற்கும் வரைபடம் பார்வைக்கு அழகாக இராது. சுவரில் ஒட்டிக் காட்சிப்படுத்தத் தகுந்த வரைபடம் வேறு, படித்ததற்கு அடையாளமான வரைபடம் வேறு.

பொய்க்கோடு

மேற்கூறியவை சிறிய பிழைகள். நாவலின் நடுத்தூணாக நிற்பது ஒரு பெரும் பிழை. பழுவேட்டரையர்களும் சம்புவரையரும் பிற சிற்றரசர்களும் தங்கள் உயிரையும் பெயரையும் பணயம் வைத்துச் சூழ்ச்சி செய்வது, கண்டராதித்தரின் மகனுக்கு அரியணை கிடைக்க வேண்டும் என்பதற்காக. அவர்கள் யாருக்காகச் சூழ்ச்சி செய்கிறார்களோ அவன் கண்டராதித்தரின் மகனே அல்லன். பிறந்தபோது மாற்றப்பட்ட குழந்தை அவன். உண்மையான மகன் தஞ்சையில் பூக்கூடை சுமந்து, பேசாத வாணி அம்மையின் பிள்ளையாக வளர்கிறான். இவ்வுண்மை செம்பியன் மாதேவியின் நெஞ்சில் ஆண்டுக்கணக்காகப் புதைந்து கிடக்கிறது. தாயே தன் மகன் அரசாளலாகாது என்று தடுப்பது சிவபக்தியால் என உலகம் எண்ணுகிறது. படிப்பவரும் அவ்வாறே எண்ணுமாறு கல்கி நெடுந்தூரம் அழைத்துச் செல்கிறார்.

செம்பியன் மாதேவிக்கும் மதுராந்தகனுக்கும் இடையே ‘தாய் – மகன்’ என்னும் கோட்டை அடித்துவிட்டால், சிற்றரசர்களின் சூழ்ச்சி பொருளற்றுப் போகிறது. அக்கோட்டை அடிக்காமல் விட்டால் கதையின் முடிவு பொய்யாகிறது. அடிக்கப்பட்டும் படிக்கத்தக்கதாக நிற்கும் கோடு ஒன்றே இவ்விரண்டையும் தாங்கும். திரைப்படம் இக்குழந்தை மாற்றத்தையே விட்டுவிட்டு, மதுராந்தகனை அன்னையின் உண்மை மகனாகவே வைத்துக்கொண்டது. கால அளவு கருதி அவ்வாறு செய்தது ஒருவகையில் ஏற்கத்தக்கதே. எனினும் அங்கே வரைபடம் எளிதாகி, சூழ்ச்சியின் அவலச்சுவை குன்றிவிட்டது.

சேந்தன் அமுதன் முதன்முதலில் தோன்றும்போது எந்த மாணவரும் அவன் பெயரைத் தாளின் ஓரத்தில்தான் எழுதுவர். அவன் வந்தியத்தேவனுக்கு ஓர் இரவு தங்க இடம் கொடுக்கிறான். தேவாரம் பாடுகிறான். பூங்குழலியை நினைத்து ஏங்குகிறான். நாவலின் இறுதியில், அருள்மொழிவர்மர் தமக்குச் சூட்டப்படவிருந்த மணிமகுடத்தை அவன் தலையில் சூட்டும்போது, ஓரத்தில் எழுதிய அப்பெயரைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அங்கு இடமிராது. ஐந்து பாகங்களாக நிரம்பிய கோடுகள் அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். தாளின் குறுக்கே ஒரு நீண்ட அம்பு இழுப்பதன்றி வேறு வழியில்லை. அந்த அம்பை இழுக்கும் கணத்தில் மாணவர் உணரும் திகைப்பே ‘தியாகச் சிகரம்’ என்னும் ஐந்தாம் பாகத்தின் பயன். முதல் நாளிலேயே ‘உத்தம சோழர்’ எனப் பொன்னெழுத்தில் நடுவில் எழுதப்பட்ட படத்தைப் பெற்றவர்க்கு அது கிட்டாது.

1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் இக்கதையைப் படித்தோர் கையில் எந்த வரைபடமும் இல்லை. மணியம் வரைந்த முகங்கள் இருந்தன. வாரந்தோறும் வீட்டிலும் தெருத்திண்ணையிலும் நடந்த வாதம் இருந்தது. மூன்றரை ஆண்டுக் காலம் அவர்கள் தம் மனத்துக்குள்ளேயே கோடுகளை இழுத்தும் அடித்தும் வந்தனர். கல்கியும் அவர்கள் மறந்துவிடாதவாறு அவ்வப்போது பழையதை நினைவூட்டிச் செல்கிறார். இன்று நூலாகப் படிப்போர் சிலர் இந்நினைவூட்டல்களைக் குறையாகக் கூறுவர். வகுப்பறையில் அவை பெருந்துணை: எங்கு ஆசிரியர் நினைவூட்டுகிறாரோ அங்கு வரைபடத்தை எடுத்துச் சரிபார்க்கலாம்.

பேசாதவளின் கோடு

கோட்டுக்கு அளவுகோல் எது என்பது அடுத்த வினா. மேலை நாட்டு ஆய்வில் பிராங்கோ மொரெட்டி 2011இல் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடக மாந்தரை ஒரு வலையமைப்பாக வரைந்தார். ஒருவர் மற்றொருவரிடம் ஒரு சொல்லாவது பேசியிருந்தால் இருவருக்கும் இடையே ஒரு கோடு என்பது அவர் கொண்ட முறை. கணினி வழி இலக்கிய ஆய்வில் இவ்வகைப் படங்கள் இன்று பெருகியுள்ளன. தமிழ் மரபுக்கு இது முற்றிலும் அயலானதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் என்பனவும் உள. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது என்னும் வினாக்கள் அகப்பாடலைப் படிப்போர்க்குப் பழகியவை. இன்னாரிடம் இன்னார் இவ்விடத்து இது கூறுதற்குரியர் என்பதை உய்த்துணரச் செய்யும் முன்னம் என்னும் உறுப்பு, மொரெட்டியின் கோட்டைவிட நுண்மையானது எனலாம். ஏனெனில் அது பேச்சை எண்ணுவதோடு நில்லாமல், அப்பேச்சுக்குரிய இடத்தையும் தகுதியையும் கேட்கிறது.

பேச்சே அளவுகோல் என்று கொண்டு ‘பொன்னியின் செல்வ’னை வரைந்தால் விளைவு என்ன? வந்தியத்தேவன் நடுநாயகமாகிவிடுவான். காஞ்சியிலிருந்து ஆதித்த கரிகாலரின் ஓலைகளைச் சுமந்து கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என அலையும் அவன் ஏறத்தாழ எல்லாரோடும் பேசுகிறான். ஆனால் அவன் முடிவு செய்யும் காரியங்கள் மிகச் சில. மறுபுறம் சுந்தர சோழர் நோய்ப்படுக்கையில் கிடக்கிறார். அவரிடமிருந்து புறப்படும் கோடுகள் குறைவு. கதையின் சுமையோ அவர் இளமையில் விட்டுவந்த ஒரு தீவிலிருந்து தொடங்குகிறது. கோடுகளின் எண்ணிக்கை வேறு, அவற்றின் கனம் வேறு.

அத்தீவில் அவர் கண்டு காதலித்த மந்தாகினி வாய் பேசாதவள், காது கேளாதவள். பேச்சுக்கோடு மட்டும் வரையும் படத்தில் அவள் தனித்த புள்ளியாக, யாரோடும் இணையாமல் கிடப்பாள். கணினி அவளை விளிம்புக்குத் தள்ளிவிடும். அவள் தங்கை வாணி அம்மையின் கதியும் அதுவே. நாவலிலோ மறைபொருள்கள் யாவும் இவ்விரு பெண்களிடமே அடங்கியுள்ளன. பொன்னி ஆற்றில் விழுந்த குழந்தை அருள்மொழியை எடுத்துக் காத்தவள் மந்தாகினி. சுந்தர சோழரை நோக்கி எறியப்பட்ட வேலைத் தன் மார்பில் ஏற்று மடிபவளும் அவளே. நந்தினியின் முகத்தில் தெரிவது அவளுடைய முகச்சாயல். ஈழத்தில் ஊமை ராணியைக் கண்ட வந்தியத்தேவன் அச்சாயலைக் கண்டே திடுக்கிடுகிறான்.

இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றில் அருள்மொழி இவள் வரலாற்றை அறிந்துகொள்வது சுவர்ச் சித்திரங்களின் வழியாக. சொல்லில்லாத அவள் தன் வாழ்க்கையைப் படங்களாக வரைந்து வைத்திருக்கிறாள்: தான் யாரைக் கண்டாள், யார் தன்னை விட்டுச் சென்றார், எந்தக் குழந்தையை ஆற்றிலிருந்து எடுத்தாள். கதைமாந்தர் வரைபடம் என்று வகுப்பறையில் எதனைக் கூறுகிறோமோ அதனை, கதைக்குள் இருக்கும் ஒருத்தியே வரைந்து காட்டும் இடம் இது. இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் விளக்கவுரையைக் குறைத்துக்கொள்வது நலம். மந்தாகினியின் சித்திர வரிசையை மாணவர் தம் கையால் வரைந்து, பின் அதனைத் தம் வரைபடத்தோடு ஒப்பிடட்டும். தமது படத்தில் அவளுக்கு எத்தனை கோடுகள் இட்டிருந்தனர் என்பதை அப்போது அவர்களே கண்டுகொள்வர். ஈழத்துப் பின்னணி கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்பாகத்தில் வரும் மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் ஆகிய பெயர்கள் பாட்டி தாத்தா வாயிலாகக் கேட்டவை. அவ்வூர்களின் நிலப்படத்தையும் மாந்தர் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதும் இயலும். தொல்காப்பியர் கூறும் களன் அப்போது கண்ணுக்குப் புலனாகும்.

கல்வெட்டில் உள்ளோரும் இல்லாதோரும்

வரைபடத்தின் மற்றொரு தீமை, எல்லா வட்டங்களையும் ஒரே அளவினதாகக் காட்டுவது. சுந்தர சோழரும் குந்தவையும் உத்தம சோழரும் வரலாற்று மாந்தர். வல்லவரையர் வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டுக் குறிப்பிடுகிறது. அதற்கு மேல் அவரைப் பற்றி நாம் அறிவது சிறிதே. நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை, மந்தாகினி ஆகியோர் கல்கியின் கற்பனையில் பிறந்தோர். சேந்தன் அமுதன் இடைப்பட்டவன்: உத்தம சோழர் வரலாற்றில் உண்டு, பூக்கூடை சுமந்த அமுதன் இல்லை. தாயகத்து வரலாற்றைப் பெரும்பாலும் இத்தகைய கதைகளின் வழியாகவே அறியும் புலம்பெயர் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைக் காட்டாமல் விடுவது பொறுப்பன்று. கல்வெட்டுச் சான்றுடையோர்க்கு இரட்டைக்கோட்டு வட்டமும், கற்பனை மாந்தர்க்கு ஒற்றைக்கோட்டு வட்டமும் இட்டால் போதும். வரலாறு தெரிந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்துவிட்டால், பழுவேட்டரையர் வட்டத்திற்கு எத்தனை கோடு என்பதிலேயே ஒரு மணி நேரம் கழியும். பழுவேட்டரையர் என்னும் குறுநில மரபினர் கல்வெட்டுகளில் உளர். கல்கி காட்டும் அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற முதியவரோ அவர் கை வண்ணம். அந்த ஒரு மணி நேரம் வீணன்று.

இவ்வேறுபாடு கூர்மை பெறும் இடம் ஆதித்த கரிகாலரின் கொலை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலரைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டி, அவர்தம் உடைமைகள் பறிக்கப்பட்டமையைக் கூறுகிறது. வரைபடத்தில் இரட்டைக்கோட்டு வட்டம் பெற வேண்டியவர்கள் இவர்கள். கதையில் இவர்கள் நிழலில் திரியும் சதிகாரர். படிப்போர் மனத்தில் நிற்பது கற்பனையான நந்தினியே. அவளிடமிருந்து புறப்படும் கோடுகளை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்: பெரிய பழுவேட்டரையரின் மனைவி, ஆழ்வார்க்கடியானின் வளர்ப்புத் தங்கை, கரிகாலர் இளமையில் விரும்பியவள், வீரபாண்டியனின் தலை வீழ்ந்ததற்குப் பழி வாங்கச் சபதம் பூண்டவள், மந்தாகினியின் மகள். அவள் தந்தை யார் என்பதைக் கதை ஒருமுறை ஒருவாறும் மற்றொருமுறை வேறுவாறும் ஐயுற வைக்கிறது. கரிகாலருக்கு அவள் காதலியா, தமக்கையா, தங்கையா, பகைவனின் மகளா என்பது அந்த ஒரு கோட்டைப் பொறுத்தது. இங்கு புள்ளிக்கோடு தவிர வேறெதனையும் இடுவது ஆசிரியரின் துணிச்சலாகுமேயன்றி நூலுக்கு உண்மையாகாது.

இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று அத்தியாயங்களையும் வார இறுதி வகுப்பில் படிக்க எங்கே நேரம் என்னும் வினா எழும். நேர்மையான வினாவே. முழு நூலையும் படிக்க இயலாத வகுப்பு, முதற் பாகத்தில் ஆடிப்பெருக்கு முதல் தஞ்சைக் கோட்டை நுழைவு வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று முறை வரைபடத்தைத் திருத்தினால் போதும்: ஏரிக்கரையில் ஒன்று, நடுநிசிக் கூட்டத்திற்குப் பின் ஒன்று, அமுதன் வீட்டில் தங்கியபின் ஒன்று. எஞ்சியதைத் தாமே படிக்க விரும்பும் மாணவர் அத்தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். சுருக்கப்பட்ட பதிப்புகளைக் கொண்டு வரைவது இதற்கு மாற்றாகாது. சுருக்குவோர் முதலில் வெட்டுவது ஐயங்களையும் தவறான நம்பிக்கைகளையுமே. வெட்டுண்டபின் எஞ்சும் கோடுகள் யாவும் உண்மையாகவே இருக்கும்.

முழு நூலையும் முடிக்கும் வகுப்பு கடைசியாக எதிர்கொள்வது கடம்பூர் மாளிகையின் இருண்ட அறை. நந்தினி இருக்கிறாள். ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன் இருக்கிறான். மணிமேகலை, இரவிதாசன், வேடம் பூண்ட பெரிய பழுவேட்டரையர் ஆகியோரும் அங்குளர். விளக்கு அணைகிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது கரிகாலர் உயிரற்றுக் கிடக்கிறார். கந்தமாறன் வந்தியத்தேவனைக் குற்றம் சாட்டுகிறான். அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையர் தாம் எறிந்த கத்தியே காரணம் என்கிறார். கல்வெட்டோ வேறு பெயர்களைக் கூறுகிறது. மாணவர் தாளில் கரிகாலரின் வட்டத்தை நோக்கி இவ்வாறு நான்கு அம்புகள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் ‘இன்னார் கூற்று’ என்னும் குறிப்பு மட்டுமே எழுதத்தக்கது. எந்த அம்பை அடிப்பது என்று மாணவர் கேட்பர். கல்கி எதனையும் அடிக்கவில்லை.